கழுவிக் கொடுத்த மட்டி

யாஸ்னா லெவிகோய் குளிர்பெட்டியில் சேறு வைத்திருக்கிறாள் என்பது கில்வே குடாவில் எல்லோருக்கும் தெரியும். பாலுக்குப் பக்கத்திலா, வெண்ணெய்க்குக் கீழேயா என்பதில்தான் கருத்து வேறுபாடு. கடைக்கார நெல்டா தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்வாள். நெல்டா கண்ணால் பார்த்ததை எல்லாம் சேர்த்தால் அவளுக்கு நாலு ஜோடிக் கண்ணாவது இருந்திருக்க வேண்டும்.

வால்டிவியா நகரத்திலிருந்து சீலோயே தீவுக்கு வந்து சேர்ந்த யாஸ்னாவை 'டாக்டர்' என்று யாரோ கூப்பிடப் போக, முதல் மாதம் முழுக்க அவள் வாசலில் மூட்டு வலியும் காது வலியும் வரிசை கட்டி நின்றன.

"நான் மருந்து எழுதற டாக்டர் இல்லைங்க. கிருமிங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றவ" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

"ஓகோ, கிருமிக்கு உடம்பு முடியலன்னா உன்கிட்ட வரும்போல" என்றார் கரையில் மட்டி எடுக்கும் ஒடிலியா கொலிவோரோ. ஊர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. யாஸ்னாவும் சிரித்தாள். அன்றிலிருந்து ஒடிலியாக்கா வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி நிலையாகிவிட்டது.

அவள் செய்த வேலை சொன்னால் சுலபம். கடலோரத்து மட்டியை அரைப்பாள். கூழ் பூசிய வட்டத் தட்டில் தடவுவாள். மருந்தில் தோய்த்த காகிதப் பொட்டுகளை அதன்மேல் ஒட்டி, கதகதப்பில் வைப்பாள். மருந்து கிருமியைக் கொன்றால் பொட்டைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். கிருமி மசியாவிட்டால் வளையம் இல்லை. பொட்டின் விளிம்பு வரை வந்து, கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடித்தவர்களைப்போல ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

எதற்கு இந்த வேலை என்றால், குடாக்களின் வாயில் மிதக்கும் சால்மன் கூண்டுகளுக்காக. ஒவ்வொரு கூண்டிலும் நெருக்கியடித்துக்கொண்டு மீன். நோய் வந்த மீனுக்கும் ஆன்டிபயாடிக், வராத மீனுக்கும் ஆன்டிபயாடிக். எல்லாம் தீவனத்தோடு கலந்து மேலிருந்து கொட்டுவார்கள். தின்றதுபோக மிச்சம் அடியில் இறங்கும். அடியில் இருக்கும் கிருமிகள் அதைத் தின்று சாகும், சாகாதவை கற்றுக்கொள்ளும். கற்றதைப் பக்கத்துக் கிருமிக்கும் சொல்லிக் கொடுக்கும். இந்த விஷயத்தில் அவை நெல்டாவையும் மிஞ்சியவை.

சுற்றுவட்டாரக் குடாக்களில் எல்லாம் யாஸ்னாவின் தட்டுகளில் வளையமே விழவில்லை. கில்வேயில் மட்டும் வேறு கதை. இங்கே எதுவுமே முளைக்கவில்லை. தட்டுகள் கண்ணாடிபோல வெறுமையாக இருந்தன.

அந்த வெறுமையை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆரோக்கியமான மட்டிக்குள்ளும் ஏதாவது கிருமி இருக்கும். ஒன்றுமே இல்லை என்றால் அது சுத்தமில்லை, சாவு. 'மாதிரி எடுத்ததில் பிழை, திரும்ப எடுக்க வேண்டும்' என்று அவள் தன் ஆய்வகத்து இயக்குநருக்கு எழுதினாள். ஆய்வகத்துக் கூரையிலிருந்து நுண்ணோக்கி வரை பாதிச் சாமான் அந்தச் சால்மன் கூண்டுக் கம்பெனி கொடுத்தது. இயக்குநர் அவள் எழுதிய வாக்கியத்தைக் கழற்றிவிட்டு, பூஜ்யத்தை மட்டும் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார்.

பிறகென்ன? கம்பெனியின் 'சமூக உறவு' அதிகாரி ரெனாட்டோ, தலைநகர் சான்டியாகோவில் வாங்கிய மழைக்கோட்டு ஒன்றில் வந்து இறங்கினான். அந்தக் கோட்டு எங்கள் மழையைப் பார்த்ததே இல்லை, அதனால் சந்தோஷமாக நனைந்துகொண்டிருந்தது. கையில் சுவரொட்டிகள். 'கில்வே: ஆய்வு உறுதிசெய்த தூய கடல்' என்று மேலே, கீழே ஒரு கூடை மட்டியோடு, முன்பல் தெரியச் சிரிக்கும் ஒடிலியாக்கா. பள்ளிச் சுவரிலும் தேவாலயத்து வேலியிலும் நெல்டாவின் கடையிலும் அதே சிரிப்பு. பத்து வருஷமாகக் கூண்டு இருந்தும் கடலில் ஒரு கிருமியும் இல்லையே, இன்னொரு மடங்கு கூண்டு போட்டால் என்ன கெட்டுப்போகும் என்பது அவன் வாதம். ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சங்கம் கூடிக் கைதூக்கிச் சம்மதம் சொன்னால் வேலை முடிந்தது.

ஒடிலியாக்காவுக்கு அந்தப் படத்தில் பெருமை இல்லாமல் இல்லை. நெல்டாவின் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவர் அந்த வாரம் மட்டும் தினமும் உப்பு வாங்கினார்.

யாஸ்னாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. பூஜ்யம் அவள் பேரில் நின்றது. யாரோ மாதிரியைக் கெடுத்திருக்கிறார்கள், கம்பெனி யாரையோ கையில் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அவள் மனசு ஊரையே ஒவ்வொரு ஆளாகச் சந்தேகப்பட்டது. மட்டி எடுத்துக் கொடுத்தது ஒடிலியாக்காவும் அவர் கூட்டமும்தானே? மற்ற குடாக்களில் அவளே முழங்கால் வரை சேற்றில் இறங்கி எடுத்தாள். கில்வேயில் விடவில்லை. "உதவின்னு கேட்டு வந்தவ சேத்துல இறங்குவாளா? நாங்க செத்தா போயிட்டோம்? நீ உக்காந்து மாத்தே குடி" என்று அடுப்படியில் உட்காரவைத்துவிட்டார்கள். அவளும் உட்கார்ந்தாள். கையில் சூடான மாத்தேத் தேநீர், வெளியே மழை, யார் எழுந்திருப்பார்கள்?

வியாழக்கிழமை மத்தியானம் அவள் அந்தக் கேள்வியோடு ஒடிலியாக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

உள்ளே ஒடிலியாக்காவின் மருமகன் எர்வின், வலது காலை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் கம்பெனியின் முக்குளிப்பான். வலைக்கு அடியில் போய்ச் செத்த மீனை அள்ளி வருவது வேலை. வலைக் கம்பி கெண்டைக்காலில் கிழித்து இரண்டு மாதமாகிறது. புண் ஆறவில்லை, கட்டை அவிழ்த்தால் வாடை.

"இன்னிக்கு எப்படி இருக்கு?"

"மூணாவது மருந்தும் முடிஞ்சுது டாக்டரம்மா. கம்பெனி டாக்டர் சொல்றான், நான் மாத்திரையை ஒழுங்கா முழுங்கலியாம். குடிச்சிட்டுப் படுத்துட்டேனாம்."

"இவன் குடிக்கிறது எனக்குத் தெரியாதா?" ஒடிலியாக்கா கரண்டியோடு திரும்பினார். "மாத்திரையை நான்தான் எண்ணிக் கையில குடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தேன். மாட்டுக்குப் பாக்கிற மாதிரி பாத்தேன். அந்த டாக்டரோட வாயைத்தான் ஒரு நாள் திறந்து பாக்கணும்."

"அத்தை, விடு. வேலை போயிடும்."

"கால் போனா வேலை இருக்குமா?"

யாஸ்னா நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்டே ஆக வேண்டும். "ஒடிலியாக்கா, அன்னிக்கு எனக்கு எடுத்துக் குடுத்த மட்டி... நடுவுல யாராச்சும் வந்தாங்களா? கம்பெனி ஆளுங்க யாராவது தொட்டாங்களா?"

"தொடறதா? என் கூடையையா? கையை ஒடிச்சிருப்பேன். கரையிலேர்ந்து நேரா என் சமையலறை. இங்கேர்ந்து உன் டப்பா. ஏன் கேக்கிற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கிற மூஞ்சியா இது?"

ஒடிலியாக்கா மட்டிக் கூடையைத் தொட்டியில் கவிழ்த்தார். சேறு கரைந்து ஓடியது. அது தெளிந்ததும், சன்னலோரத்துக் குப்பியை எடுத்து, மூடியைத் திறந்து, அளவெல்லாம் பார்க்காமல் தாராளமாக ஒரு சுழற்று. ஊற்றிவிட்டு மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினார். அந்த வாசனை யாஸ்னாவின் மூக்கில் ஏறியது. நீச்சல் குளத்து வாசனை. ஆஸ்பத்திரித் தரை வாசனை.

"அது என்ன?"

"குளோரின்."

"மட்டிக்கா?"

"விருந்தாளிக்கு வேற எப்படிக் குடுப்பாங்க?" ஒடிலியாக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "காலரா வந்த வருஷம் சுகாதார நர்ஸ் வீடு வீடா வந்து சொல்லிக் குடுத்தா. அன்னிலேர்ந்து இந்தக் குடாவுல கழுவாத மட்டியை எவளும் எவளுக்கும் குடுத்ததில்ல. நாங்க திங்கறதுன்னா ரெண்டு சொட்டு. வெளி ஆளுக்குன்னா ஒரு குலுக்கு."

"எனக்கு?"

"நீ பெரிய படிப்புப் படிச்சவ. உனக்கு முழுசா அரைக் குப்பி. ஊறவும் வச்சோம். நெல்டா வேற கடையிலேர்ந்து புதுக் குப்பி கொண்டுவந்தா. மூணு தண்ணி அலசி, துணியில துடைச்சு அடுக்கினோம். ஒவ்வொண்ணும் பீங்கான் மாதிரி இருந்துச்சா இல்லையா?"

யாஸ்னா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று எர்வின் காலை இறக்கப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிப்பு பாதியிலேயே வேறு எதுவோ ஆகிவிட்டது. கம்பெனியின் சதியைத் தேடி வந்தவளுக்குக் கிடைத்தது உபசாரம். மட்டி கேட்ட அன்று டப்பாவைப் பற்றிச் சொன்னாள், மூடியைப் பற்றிச் சொன்னாள், பனிக்கட்டியைப் பற்றி அரைமணி நேரம் சொன்னாள். கழுவாதீர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. தோன்றாததற்கு அந்த மாத்தேயும் ஒரு காரணம்.

விஷயத்தை அவள் நிதானமாகச் சொன்னாள். குளோரின் கிருமியைக் கொன்றது. கிருமி இல்லாததால் பூஜ்யம் வந்தது. பூஜ்யம் வந்ததால் சுவரொட்டி வந்தது.

ஒடிலியாக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் போன பிறகும் துடைத்தார்.

"அப்போ கடல் சுத்தம்னு அவன் ஊர் பூரா ஒட்டி வச்சிருக்கிறது... என் பாத்திரம் கழுவற தொட்டியையா?"

"ஆமாக்கா."

"என் பல்லையும் காட்டி?"

"ஆமா."

எர்வினின் கட்டுப்போட்ட காலை ஒரு தரம் பார்த்தார். பிறகு தொட்டியில் ஊறிய மட்டி முழுவதையும் பன்றிக்குக் கொட்டிவிட்டு வந்தார். அன்று மத்தியானம் எல்லோரும் மில்காவ் என்கிற உருளைக்கிழங்கு அடை மட்டும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர் வற்றியபோது, யாஸ்னாவைச் சேற்றில் இறங்க விட்டார்கள். அவள் தடுக்கி விழுந்ததை நாலு பேர் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள். மட்டியைச் சேற்றோடு டப்பாவில் போட்டு மூடினாள். அப்படியே எர்வின் காலின் புண்ணிலும் ஒரு பஞ்சுக்குச்சியை ஒற்றி எடுத்துக்கொண்டாள். ஒடிலியாக்கா அந்த டப்பாவைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தன் வீட்டுக்கு வந்தவள் அழுக்கு மட்டியை எடுத்துப்போகிறாளே என்று.

சனிக்கிழமை சாயங்காலம் தட்டுகளைத் திறந்தாள். வளையம் எங்கேயும் இல்லை. கூண்டில் கொட்டும் மருந்துக்கு இல்லை, எர்வினுக்குக் கொடுத்த மூன்று மருந்துக்கும் இல்லை. புண்ணிலிருந்து எடுத்ததும் மட்டியிலிருந்து எடுத்ததும் அக்கா தங்கைபோல ஒரே மாதிரி நடந்துகொண்டன. வரிசையில் கடைசி ஒரு மருந்துக்கு மட்டும் இரண்டிலும் சின்னதாக ஒரு வளையம். ஆஸ்பத்திரியில் பூட்டி வைக்கும் பழைய, முரட்டு மருந்து அது.

அதைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இரண்டு மாதமாக அந்தப் பையனைக் குடிகாரன் என்று சொல்லி அனுப்பினார்களே என்று கோபம்தான் வந்தது. இயக்குநருக்குப் போன் செய்தாள்.

"பூஜ்யம் எல்லாருக்கும் நல்லதும்மா" என்றார் அவர். "நீ நாளைக்குக் கூட்டத்துக்குப் போகாதே. போனா உன் மாதிரி எடுத்த முறையே தப்புன்னு நீயே சொல்லணும். யாராவது அவங்க தலையில அவங்களே மண்ணைப் போட்டுக்குவாங்களா?"

"தப்புன்னு நான் அன்னிக்கே எழுதினேன் சார். நீங்கதான் அந்த வரியை எடுத்தீங்க."

"உன் ஒப்பந்தம் மார்ச்சில முடியுது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இன்னும் நாள் இருக்குல்ல?" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சங்கக் கட்டடத்தில் உட்கார இடமில்லை. சுவரில் ஆறு ஒடிலியாக்கா சிரித்தார்கள். ஏழாவது ஒடிலியாக்கா முதல் வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கம்பெனி கொண்டுவந்த கேக். இளஞ்சிவப்புப் பாலாடையில் ஒரு சால்மன், அதற்குக் கண்ணாக ஒரு திராட்சை. நெல்டாதான் சங்கத் தலைவி. கூட்டத்தைத் தொடங்கிவைக்கும்போதே அவள் கண் அந்தத் திராட்சைமேல்தான் இருந்தது.

ரெனாட்டோ அழகாகப் பேசினான். தாய்மார்கள் என்றான். கடலின் புதல்விகள் என்றான். ஒடிலியா அம்மாவின் கைபட்ட மட்டி இன்று தலைநகரத்தில் பேசப்படுகிறது என்றான்.

யாஸ்னா எழுந்தாள். அடுக்கடுக்காகப் பேச வராதவள் அவள். "அந்தப் பூஜ்யம் என் தப்பு" என்றாள் நேரடியாக. "மட்டி குளோரின்ல கழுவினது. எனக்குத் தெரியாது. நான் கூட வந்து பாத்திருக்கணும், பாக்கல. இப்போ கழுவாம எடுத்துப் பாத்தேன்." தட்டுகளை உயர்த்திக் காட்டி, வளையம் என்றால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று விளக்கினாள். கடைசியாக எர்வினின் தட்டை மட்டித் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். எர்வின் சரி என்று தலையசைத்த பிறகுதான் பேர் சொன்னாள். பின்வரிசையிலிருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

ரெனாட்டோ சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, பயிற்சி கொடுத்து வரவழைத்த சிரிப்பு.

"டாக்டர் அவர்களோட நேர்மையைப் பாராட்டறேன். ஆனா கொஞ்சம் யோசிங்க. முதல் தடவை ஒழுங்கா, சுத்தமா எடுத்த மட்டி. ஒண்ணும் இல்ல. ரெண்டாவது தடவை, காயம்பட்ட ஒருத்தரோட வீட்டுலேர்ந்து, கழுவாத, சேறு படிஞ்ச மட்டி. அழுக்கான இடத்துல எடுத்தா கிருமி இல்லாம என்ன இருக்கும்? அது கடலோட பிரச்சினை இல்லைங்க. வீட்டுப் பழக்கவழக்கத்தோட பிரச்சினை. இதுக்காகவே கம்பெனி ஒரு சுகாதார வகுப்பு நடத்தத் தயாரா இருக்கு."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது கேட்டது.

ஒடிலியாக்கா எழுந்து நின்றார்.

"தம்பி, என்ன சொன்னே? திருப்பிச் சொல்லு."

"உங்களைத் தப்பாச் சொல்லலம்மா..."

"என் வீட்டைச் சொன்னே. நான் கழுவிக் குடுத்தா கடல் சுத்தம். கழுவாம குடுத்தா நான் அழுக்கு. அப்படித்தானே? நல்லது வந்தா உன் கூண்டுக்கு, கெட்டது வந்தா என் சமையலறைக்கு. யாருக்குடா வகுப்பு எடுப்பே? உங்க டாக்டர் என் மருமகன் காலைத் தொட்டுக்கூடப் பாக்காம குடிகாரன்னு எழுதினான். அவன் உங்க செத்த மீனை அள்ளி அள்ளித்தான் அந்தக் கால் இப்படி ஆச்சு. நீங்க கொட்டற மருந்தை நாங்க கேட்டோமா? மீன் முழுங்கின மருந்து எங்க மட்டிக்குள்ள உக்காந்திருக்கு. எங்களுக்கு உடம்பு முடியலன்னா வேலை செய்ய மருந்து மிச்சமில்ல. இதுல நான் கை கழுவணுமாம்!"

"அம்மா, உணர்ச்சிவசப்படாம..."

"ஏன் படக்கூடாது? என் மூஞ்சியை ஊர் பூரா ஒட்டும்போது என்னைக் கேட்டியா?"

அவர் சுவருக்குப் போய், பக்கத்திலிருந்த தன் படத்தை மேலிருந்து கீழாக இழுத்தார். பசை நல்ல பசை. பாதிச் சிரிப்பு சுவரிலேயே நின்றுவிட்டது. அவர் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். முதலில் யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அவரோடு மட்டி கழுவிய பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து மற்ற படங்களுக்குப் போனார்கள். ஆறு இடத்தில் சுரண்டும் சத்தம்.

நெல்டா தொண்டையைக் கனைத்தாள். மகன் கம்பெனிப் படகில் வேலை செய்கிறான்; அவளுக்கு இது சுலபமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "ஓட்டுக்கு விடறேன். சம்மதம்னா கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. பின்வரிசையில் சில, சன்னலோரத்தில் சில. தூக்கியவர்கள் யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வீட்டில் அடுப்பெரிய வேண்டும்.

"வேண்டாம்னா?"

சுரண்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பாமலே இடது கையைத் தூக்கினார்கள். எர்வின் தூக்கினான், வேலை போவது நிச்சயம் என்று தெரிந்தே தூக்கினான். அவனைப் பார்த்து மற்ற முக்குளிப்பான்கள் தூக்கினார்கள். கடைசியில் நெல்டா தன் கையையே யாரோ வேற்றாளுடைய கையைப்போலப் பார்த்துவிட்டு, மெதுவாக உயர்த்தினாள். கணக்குப் போடத் தேவையிருக்கவில்லை.

ரெனாட்டோ கோட்டை மாட்டினான். வெளியேறும்போது அவனுடைய உதவியாளர் கேக்கைப் பெட்டியில் வைத்து மூடித் தூக்கிக்கொண்டார்.

"அதை ஏண்டாப்பா எடுத்துட்டுப் போறீங்க?" நெல்டாவுக்கு மனசு கேட்கவில்லை.

"கம்பெனிச் சொத்துங்க."

கில்வேயில் அந்தக் கம்பெனியைப் பற்றி இன்றுவரை பேசப்படும் குற்றங்களில் கேக்குக்குத் தனி இடம் உண்டு.

கம்பெனி விட்டுவிடவில்லை, தலைநகரத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள், பெரிய வக்கீல் வைத்து. பழைய கூண்டுகள் அதே இடத்தில், தீவனம் அதே தீவனம். எர்வினுக்கு ஆஸ்பத்திரியில் அந்த முரட்டு மருந்தைக் கொடுத்தார்கள், அதுவும் யாஸ்னா தட்டோடு போய் நின்று சண்டை போட்ட பிறகு. புண் ஆறிவருகிறது, வேலை அடுத்த வாரமே போயிற்று. மார்ச்சில் யாஸ்னாவின் ஒப்பந்தமும் போயிற்று. இப்போது பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் தட்டுகளை அடுக்கியிருக்கிறாள். கதகதப்புக்கு நெல்டா தன் பழைய கோழிக்குஞ்சுப் பெட்டியைக் கொடுத்திருக்கிறாள். கொடுத்தவள் தினம் வந்து பார்க்கவும் செய்கிறாள், பெட்டியைத்தான் பார்க்க வருகிறேன் என்று.

தண்ணீர் வற்றும் நாட்களில் ஒடிலியாக்கா கரையிலிருந்து நேராக அங்கே வருகிறார். கையில் வாளி, வாளி நிறைய, கழுவாத, சேற்றோடு மட்டி. வழியில் யாரும் கண்டுவிடக் கூடாதென்று மேலே பூத்தையல் போட்ட வெள்ளைத் துணியை விரித்து, நாலு மூலையையும் இறுக்கிக் கட்டியிருப்பார். கேட்டால், "துணி துவைக்கப் போறேன்" என்பார். பள்ளிக்கூடத்தில் துவைக்கிற இடம் ஏது? ஊருக்கே தெரியும் உள்ளே என்ன இருக்கிறதென்று. யாரும் துணியைத் தூக்கிப் பார்ப்பதில்லை. நெல்டாவைத் தவிர.